உரிமை பிள்ளைக்கு, கடன் சபைக்கு: இங்கிலாந்தில் விசேட கல்வி நிதி எங்கே சிக்கியது?

லண்டன் புறநகர் ஒன்றில் வசிக்கும் என் ஒன்றுவிட்ட அக்காவிடம் இரண்டு பைல்கள் இருக்கின்றன. முதலாவது 2009இல் தொடங்கியது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கொடுத்த பதிவுத் துண்டு, பிறப்புச் சான்றிதழின் பிரதிகள், பிரித்தானிய உள்துறை அமைச்சுக்குக் கொடுத்த வாக்குமூலம், நிராகரிப்புக் கடிதம், மேன்முறையீட்டுத் தீர்ப்பு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. இரண்டாவது பைல் மகனுடையது. அவனுக்கு ஏழு வயது. பேச்சு பிந்தி வந்தது. வகுப்பில் சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுவான். ஓட்டிசம் என்று உறுதிசெய்யவே இரண்டு வருடங்களுக்கு மேல் சென்றது. பாடசாலைக் குறிப்புகளும் பேச்சுப் பயிற்சியாளரின் அறிக்கையும் அந்த பைலில் இருக்கின்றன. கடைசியாகச் சேர்ந்தது உள்ளூராட்சி சபையின் கடிதம். பிள்ளைக்குச் சட்டபூர்வ மதிப்பீடு தேவையில்லை என்று அது சொல்கிறது.

இரண்டாவது பைல் இப்போது முதலாவதைவிடத் தடித்துவிட்டது.

அக்காவின் கதை தனிக் கதை அல்ல. இங்கிலாந்து முழுவதும் பெற்றோருக்கும் உள்ளூராட்சி சபைகளுக்கும் இடையில் நடக்கும் பெரிய இழுபறியின் ஒரு துண்டு அது. சாதாரண பாடசாலையில் படிக்கும் விசேட தேவையுடைய பிள்ளைக்குரிய உதவியை யார் கொடுப்பது, அதற்கு யார் பணம் தருவது என்பதே பிரச்சினை. சபைகள் பல பில்லியன் பவுண் கடனில் நிற்கின்றன. மத்திய அரசு முறையையே மாற்றப்போவதாகச் சொல்கிறது. 2021 குடிசன மதிப்பீட்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழை முதன்மை மொழியாகக் குறிப்பிட்டவர்கள் ஒரு இலட்சத்துக்கும் அதிகம். அவர்களில் பெரும் பகுதியினர் போரால் இடம்பெயர்ந்து போன நம்மவர்கள். ஆகவே இது நம் வீட்டுக்குள் நடக்கும் விடயமும்தான்.

(ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சட்டங்கள் உள்ளன. இங்கே பேசப்படுவது இங்கிலாந்தைப் பற்றி மட்டும்.)

சட்டம் என்ன சொல்கிறது?

இந்த முறையின் வேர் 1978இல் வெளியான வோர்னொக் குழுவின் அறிக்கையில் இருக்கிறது. பிள்ளைகளை நோயின் பெயரால் பிரித்து வேறு பாடசாலைகளுக்கு அனுப்புவதை விட, அவர்களுக்குக் கற்பதில் என்ன தேவை என்று பார்க்க வேண்டும், இயன்றவரை சாதாரண பாடசாலையில் படிப்பிக்க வேண்டும் என்ற பார்வையை அது முன்வைத்தது. 1981 கல்விச் சட்டம் அதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது. இன்று நடைமுறையில் இருப்பது 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம்.

இதன்படி உதவி இரண்டு படிகளில் கிடைக்கிறது. முதற்படி, பாடசாலை தன்னிடமுள்ள வளத்தைக் கொண்டு கொடுக்கும் உதவி. 2025 ஜனவரிக் கணக்கின்படி சுமார் 12 இலட்சத்து 80 ஆயிரம் மாணவர்கள் இந்தப் படியில் இருந்தார்கள். இதற்குத் தனிப்பட்ட சட்டப் பத்திரம் கிடையாது. பாடசாலை நன்றாகச் செய்தால் பிள்ளைக்கு அதிர்ஷ்டம்.

இரண்டாவது படி, ஈ.எச்.சி.பி. என்று அங்குள்ள பெற்றோர் சொல்லும் கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம். உள்ளூராட்சி சபை பிள்ளையை மதிப்பிட்டு எழுதிக் கொடுக்கும் பத்திரம் இது. வாரத்தில் இத்தனை மணித்தியாலம் உதவியாளர், இத்தனை முறை பேச்சுப் பயிற்சி என்று அதில் குறித்து எழுதப்பட வேண்டும். எழுதிய கல்வி உதவியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டத்தின் 42ஆவது பிரிவு சபையைக் கட்டுப்படுத்துகிறது. "நிதி இருந்தால்" என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை. தேவைப்பட்டால் 25 வயது வரை இந்தப் பத்திரம் நீடிக்கலாம். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வாரங்களுக்குள் அது கையில் கிடைக்க வேண்டும். மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

ஓர் அரச நிறுவனம் ஒரு பிள்ளையின் பெயரை எழுதி, இதை நான் செய்வேன் என்று கையெழுத்திட்டு, செய்யாவிட்டால் சட்டத்தின் முன் பதில் சொல்வது உலகில் பல நாடுகளில் இல்லாத உரிமை. சிக்கல் பணத்தில் இருக்கிறது.

பணம் எந்த வழியால் வருகிறது?

பாடசாலைகளுக்கான பணத்தை மத்திய அரசு சபைகளுக்கு ஒரு மானியமாகக் கொடுக்கிறது. அதில் ஒரு பங்கு 'உயர் தேவை நிதி'. விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கான செலவு இதிலிருந்தே போக வேண்டும். எவ்வளவு என்பதை லண்டனிலுள்ள கல்வித் திணைக்களம் தீர்மானிக்கிறது. எத்தனை பிள்ளைக்கு உதவி செய்ய வேண்டும் என்பதைச் சட்டமும் தேவையும் தீர்மானிக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் சபை நிற்கிறது.

சாதாரண பாடசாலையில் இந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 16 ஆயிரம் பவுண் பெறுமதியான மேலதிக உதவி தேவை என்று வைத்துக்கொள்வோம். அதில் முதல் 6 ஆயிரம் பவுணைப் பாடசாலையே தன் பொது வரவுசெலவிலிருந்து போட வேண்டும். மீதி 10 ஆயிரத்தைச் சபை கொடுக்கும். இந்த 6 ஆயிரம் என்ற எல்லை 2013-14இல் வைக்கப்பட்டது. இன்றுவரை மாறவில்லை. ஆனால் இடைப்பட்ட காலத்தில் சம்பளமும் விலைவாசியும் ஏறிவிட்டன. அன்று 6 ஆயிரத்துக்கு வாங்கிய உதவியாளரின் மணித்தியாலங்களை இன்று அதே பணத்துக்கு வாங்க முடியாது.

பாடசாலையின் பங்குக்கென்று கணக்கில் ஒரு தொகை காட்டப்படுகிறது. ஆனால் அது அடையாளத் தொகை மட்டுமே. பூட்டி வைத்த பணம் அல்ல. கூரை ஒழுகினாலும் மின்சாரக் கட்டணம் கூடினாலும் அதே பெட்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இதில் ஒரு விபரீதமும் இருக்கிறது. நல்ல பாடசாலை என்று பெயரெடுத்து, விசேட தேவையுடைய பத்துப் பிள்ளைகளை வரவேற்கும் அதிபர், ஒவ்வொரு பிள்ளைக்கும் முதற்பங்கைத் தானே தேட வேண்டும். பக்கத்துப் பாடசாலை, உங்கள் பிள்ளைக்கு அங்கேதான் நல்லது என்று பண்பாகச் சொல்லி அனுப்பிவிட்டு அந்தச் செலவைத் தவிர்த்துக்கொள்கிறது. கதவைத் திறப்பவருக்குத் தண்டனை, மூடுபவருக்கு இலாபம்.

கடன் எப்படி வளர்ந்தது?

2015 ஜனவரியில் சட்டப் பத்திரம் வைத்திருந்த பிள்ளைகளும் இளைஞர்களும் சுமார் 2 இலட்சத்து 40 ஆயிரம் பேர். 2025 ஜனவரியில் 6 இலட்சத்து 38 ஆயிரத்து 700க்கும் மேல். பத்து வருடத்தில் இரண்டரை மடங்குக்கும் அதிகம்.

அரசு பணத்தைக் கூட்டவில்லை என்று சொல்ல முடியாது. 2024 ஒக்ரோபரில் பிரித்தானியாவின் தேசிய கணக்காய்வு அலுவலகம் வெளியிட்ட அறிக்கையின்படி, 2024-25இல் உயர் தேவை நிதி 10.7 பில்லியன் பவுண். விலைவாசியைக் கழித்துப் பார்த்தாலும் பத்து வருடத்தில் 58 வீத அதிகரிப்பு. ஆனாலும் போதவில்லை. பிள்ளைகளின் பெறுபேறுகளும் முன்னேறவில்லை என்று அதே அறிக்கை சொல்கிறது. இந்த முறை நிதி அடிப்படையில் நிலைத்து நிற்க முடியாதது என்பதே கணக்காய்வாளர்களின் முடிவு.

இவ்வளவு பணம் போட்டும் ஏன் இப்படி? காரணங்கள் ஒன்றோடொன்று பிணைந்தவை.

ஓட்டிசம், பேச்சு மற்றும் மொழிச் சிக்கல், மனநலம் சார்ந்த தேவைகள் முன்னைவிட அதிகமாக அடையாளம் காணப்படுகின்றன. இது ஒரு பகுதி. ஆனால் முக்கியமான காரணம் சாதாரண வகுப்பறையில் இருக்கிறது. 2010க்குப் பிந்திய சிக்கனக் காலத்தில் சபைகளின் பொது நிதி கடுமையாக வெட்டப்பட்டது. பாடசாலைக்கு வந்து ஆரம்பத்திலேயே உதவிய ஆலோசனை ஆசிரியர்களும், பேச்சுப் பயிற்சியாளர்களும், கல்வி உளவியலாளர்களும் குறைந்தார்கள். முதற்படி உதவி மெலிந்தபோது பெற்றோருக்கும் அதிபர்களுக்கும் ஒரு வழிதான் மிஞ்சியது. சட்டப் பத்திரம் இருந்தால் மட்டுமே பணம் நிச்சயம். ஆகவே எல்லோரும் பத்திரத்தைத் தேடினார்கள். பத்திரங்கள் கூடக் கூட, நிதி அந்தப் பிள்ளைகளுக்கே கட்டுப்பட்டது. பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்கு இன்னும் குறைந்தது. அதனால் அவர்களும் பத்திரம் தேடினார்கள்.

அடுத்தது இடப் பற்றாக்குறை. சாதாரண பாடசாலையில் தாக்குப்பிடிக்க முடியாத பிள்ளைக்கு அரச விசேட பாடசாலையில் இடம் தேட வேண்டும். அவை நிரம்பி வழிகின்றன. கடைசியில் தனியார் விசேட பாடசாலைக்குப் பணம் கட்டி அனுப்ப வேண்டிய நிலை சபைக்கு வருகிறது. கணக்காய்வு அலுவலகத்தின் கணிப்பில், அரச விசேட பாடசாலையில் ஓர் இடத்துக்குச் சராசரியாகச் சுமார் 24 ஆயிரம் பவுண் செலவு. தனியாரிடத்தில் 60 ஆயிரத்துக்கும் மேல். அதாவது, ஆறு வயதில் வகுப்பறையில் சில ஆயிரம் பவுணுக்குச் செய்யாத உதவி, பன்னிரண்டு வயதில் பல மடங்கு விலையோடு திரும்பி வருகிறது.

இந்தப் பற்றாக்குறையைச் சபைகள் சட்டப்படி சமப்படுத்தியாக வேண்டும். முடியாவிட்டால் 114ஆம் பிரிவு அறிவித்தல் என்ற, வங்குரோத்துக்கு ஒப்பான அறிவித்தலை வெளியிட வேண்டிவரும். அதைத் தவிர்க்க 2020இல் அரசு ஒரு விலக்களித்தது. விசேட கல்விக் கடனைச் சபையின் பிரதான கணக்கில் சேர்க்காமல் புறம்பாக வைத்துக்கொள்ளலாம் என்பதே அது. கடன் போகவில்லை. கண்ணில் படாமல் மூடப்பட்டது மட்டும்தான். அந்த விலக்கு முதலில் 2026 மார்ச் வரை நீடிக்கப்பட்டது. 2025 ஜூனில் 2028 மார்ச் வரை மீண்டும் நீடிக்கப்பட்டது. 2026 மார்ச்சில் மொத்தக் கடன் 4.6 பில்லியன் பவுணாக இருக்கலாம் என்றும், விலக்கு எடுக்கப்பட்டால் சபைகளில் 43 வீதமானவை வங்குரோத்து அபாயத்தில் விழலாம் என்றும் கணக்காய்வு அலுவலகம் எச்சரித்திருந்தது.

இதற்கிடையில் முந்தைய அரசு 'சேஃப்டி வால்வ்' என்ற பெயரில் முப்பதுக்கும் மேற்பட்ட சபைகளோடு உடன்படிக்கை செய்தது. தமிழர் கணிசமாக வாழும் கிங்ஸ்ரனும் மேர்ட்டனும் அவற்றுள் அடங்கும். கடனில் ஒரு பகுதியை மத்திய அரசு தரும், பதிலுக்குச் சபை ஆண்டு தோறும் செலவைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது பேச்சு. செலவைக் கட்டுப்படுத்தும் வழிகளில் ஒன்று புதிய பத்திரங்களின் எண்ணிக்கையை மட்டுப்படுத்துவது. பிள்ளையின் தேவையை மதிப்பிடுபவரும் சபை. செலவைக் குறைப்பேன் என்று உறுதியளித்தவரும் சபை. மதிப்பீடு தேவையில்லை என்ற கடிதம் வரும்போது பெற்றோர் அதை நம்பாமல் விடுவதில் ஆச்சரியம் இல்லை.

தீர்ப்பாயத்தில் யார் வெல்கிறார்கள்?

2024இல் புதிய பத்திரங்களில் 46.4 வீதமே 20 வாரத்துக்குள் கொடுக்கப்பட்டன. பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களின் விடயத்தில் சபைகள் சட்டம் சொன்ன காலத்தை மீறின.

2023-24 கல்வியாண்டில் தீர்ப்பாயத்தில் சுமார் 21 ஆயிரம் மேன்முறையீடுகள் பதிவாகின. பெரும்பாலானவை விசாரணைக்கு முன்பே, சபை விட்டுக்கொடுப்பதாலோ உடன்பாட்டாலோ முடிந்துவிடுகின்றன. தீர்ப்பு வரை போனவற்றில் 98 வீதத்துக்குக் குறையாதவற்றில் பெற்றோரின் பக்கம் முழுமையாகவோ ஒரு பகுதியாகவோ தீர்ப்பு வந்திருக்கிறது.

சபைகளுக்கும் ஒரு நியாயம் உண்டு. சட்டம் எங்களைக் கொடுக்கச் சொல்கிறது, கொடுக்கப் போதிய பணத்தை அரசு தரவில்லை, தீர்ப்பாயத்துக்கு எங்கள் கஜானாவின் நிலை ஒரு பொருட்டல்ல என்று அவை சொல்கின்றன. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் நூற்றில் தொண்ணூற்றெட்டுத் தடவை தோற்கும் தரப்பு, முதலில் எழுதிய மறுப்புக் கடிதங்களில் எத்தனை சட்டப்படி சரியானவை என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். மறுப்பு என்பது ஒரு வடிகட்டி. மேன்முறையீடு செய்யாத குடும்பங்களின் செலவு சபைக்கு மிச்சம்.

மேன்முறையீடு செய்யாதவர்கள் யார்? ஆங்கிலத்தில் கடிதம் எழுதப் பயப்படுபவர்கள், இரண்டு வேலை செய்பவர்கள், தனியார் உளவியலாளரின் அறிக்கைக்குப் பணம் கட்ட முடியாதவர்கள், அதிகாரியை எதிர்த்தால் வேறு ஏதாவது பறிபோகும் என்று நினைப்பவர்கள். நம் குடும்பங்களில் பல இந்தப் பட்டியலில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நிற்கின்றன.

தமிழ்க் குடும்பங்களும் தவறிப்போகும் பிள்ளைகளும்

2018இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் ஸ்ட்ராண்ட், ஏரியல் லிண்டோர்ஃப் ஆகியோர் இங்கிலாந்து மாணவர்களின் தரவுகளை ஆராய்ந்தார்கள். ஆசியப் பின்னணிப் பிள்ளைகள் ஓட்டிசம் உடையவர்களாகப் பதிவுசெய்யப்படும் வாய்ப்பு வெள்ளைப் பிரித்தானியப் பிள்ளைகளில் சுமார் பாதியளவே என்பது அதில் தெரிந்தது. குடும்ப வருமானம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் மறையவில்லை. ஆசியப் பிள்ளைகளுக்கு ஓட்டிசம் குறைவு என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. கண்டுபிடிக்கப்படாமல் போகிறார்கள் என்பதே பொருத்தமான விளக்கம்.

ஏன் தவறிப்போகிறார்கள்? ஒரு காரணம் வகுப்பறையில். வீட்டில் வேறு மொழி பேசுவதால் மட்டும் ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருப்பதாகக் கருதக்கூடாது என்று 2014 சட்டம் சொல்கிறது. பிள்ளைகளைத் தவறாக முத்திரை குத்தாமலிருக்க எழுதிய நல்ல விதி. ஆனால் நடைமுறையில் அது காத்திருக்க ஒரு சாட்டாகவும் மாறலாம். தமிழ் வீடு, ஆங்கிலம் பிடிபடக் காலம் எடுக்கும், அடுத்த வருடம் பார்ப்போம் என்று பாடசாலை சொல்லும். தமிழிலும் பிள்ளை பேசவில்லை என்பதைப் பெற்றோர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மற்றக் காரணம் வீட்டில். தகப்பனும் பிந்தித்தான் கதைத்தவர், ஆம்பிளைப் பிள்ளை அப்படித்தான் என்று ஊரிலிருந்து அம்மம்மா சொல்வார். கோயிலுக்கு நேர்த்தி வைப்பார்கள். விசேட தேவை என்று பதிந்தால் நாளைக்கு அக்காளின் கலியாணப் பேச்சு குழம்புமோ என்ற பயமும் இருக்கிறது. பெற்றோரின் பயத்துக்குப் போரும் ஒரு காரணம். பதிவு என்ற சொல்லே முகாமையும் விசாரணையையும் ஞாபகப்படுத்தும் தலைமுறை இது. சபையின் முத்திரையோடு கடித உறை வந்தால் உள்துறை அமைச்சின் கடிதம் வந்ததுபோல் நெஞ்சு அடிக்கிறது.

அந்தப் பயத்தில் ஒரு பகுதிக்கு ஆதாரம் இல்லை. அகதி அந்தஸ்துக்குக் காத்திருக்கும் குடும்பத்தின் பிள்ளைக்கும் பாடசாலையில் படிக்கவும் இந்த மதிப்பீட்டைக் கேட்கவும் உரிமை உண்டு. அரச பாடசாலைக் கல்வி, குடிவரவு விதிகளில் தடைசெய்யப்பட்ட 'பொது நிதி'ப் பட்டியலில் இல்லை. பாடசாலை சம்மதிக்காவிட்டாலும் பெற்றோர் நேரடியாகச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். சபை ஆறு வாரத்துக்குள் மதிப்பீடு செய்வதா இல்லையா என்று பதில் தர வேண்டும். மறுத்தால் வழமையாக இரண்டு மாதத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை. பக்கச்சார்பற்ற இலவச ஆலோசனைச் சேவை ஒவ்வொரு சபைப் பிரதேசத்திலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். 'சென்டியாஸ்' என்று அதற்குப் பெயர். இப்சியா என்ற தொண்டு நிறுவனமும் இலவச சட்ட உதவி தருகிறது.

இனி வரப்போகும் மாற்றம்

2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு முக்கிய அறிவிப்பு வந்தது. 2028-29 முதல் விசேட கல்விக்கான செலவு மத்திய அரசின் வரவுசெலவுக்குள்ளேயே சமாளிக்கப்படும், சபைகள் தங்கள் பொது நிதியிலிருந்து அதைத் தேட வேண்டியதில்லை என்பது அதன் சாரம். சபைகள் மூச்சுவிட்டன. ஆனால் அந்த வருடத்தில் மட்டும் சுமார் 6 பில்லியன் பவுண் இடைவெளி இருக்கும், அதை எப்படி நிரப்புவது என்று அரசு சொல்லவில்லை என வரவுசெலவுப் பொறுப்புக்கான அலுவலகம் சுட்டிக்காட்டியது. பாடசாலைகளுக்கான பணத்திலிருந்தே அது எடுக்கப்பட்டால் சாதாரண மாணவர்களுக்கான நிதி குறையும். அந்த விளக்கத்தை அரசு மறுத்தது. அதுவரை சேரும் பழைய கடனுக்கு என்ன வழி என்பதும் பெரிய கேள்வி.

முறையை மாற்றும் வெள்ளை அறிக்கை 2025 இலையுதிர்காலத்தில் வருவதாக இருந்து 2026க்குத் தள்ளிவைக்கப்பட்டது. கூடுதல் பிள்ளைகளுக்குச் சாதாரண பாடசாலையிலேயே, ஆரம்பத்திலேயே உதவி கிடைக்க வேண்டும் என்பதே திசை என்று அரசு சொல்கிறது. பாடசாலைகளில் விசேட வசதிகளுக்கான இடங்களை உருவாக்க 740 மில்லியன் பவுண் ஒதுக்கீடு முன்னரே அறிவிக்கப்பட்டது.

திசை சரியானது. வோர்னொக் 1978இல் காட்டிய திசையும் அதுதான். பெற்றோர் அமைப்புகளின் அச்சம் வேறு. வகுப்பறையைப் பலப்படுத்துகிறோம் என்ற பெயரில் சட்டப் பத்திரத்தைப் பெறும் உரிமை சுருக்கப்பட்டுவிடுமோ என்று அவர்கள் கேட்கிறார்கள்.

இங்கே எது முதலில் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். பெற்றோர் பத்திரத்தைத் தேடி ஓடுவது பேராசையால் அல்ல. வகுப்பறையில் உதவி இல்லாததால். வகுப்பறையில் ஆசிரியரும் உதவியாளரும் பேச்சுப் பயிற்சியாளரும் நம்பகமாக இருந்தால், பத்திரத்துக்கான வரிசை தானாகவே குறையும். அதைச் செய்யாமல் வரிசையை மட்டும் சட்டத்தால் குறைத்தால், பிள்ளையின் தேவை அப்படியே இருக்கும். கேட்கும் உரிமை மட்டும் போய்விடும். முதலில் அடிபடுவது கேட்கத் தெரியாத குடும்பங்கள் அல்ல, அவர்கள் ஏற்கெனவே வெளியில்தான் நிற்கிறார்கள். இப்போதுதான் கேட்கப் பழகிக்கொண்டிருக்கும் அக்காவைப் போன்றவர்கள்தான் அடிபடுவார்கள்.

இங்கிருந்து பார்த்தால்

நம்முடைய நாட்டில் இந்தக் கேள்வி வேறு வடிவத்தில் இருக்கிறது. இங்கே பிரதேச சபையோ மாநகர சபையோ பாடசாலைகளை நடத்துவதில்லை. 1987இன் 13ஆவது திருத்தத்தின்படி தேசிய பாடசாலைகள் தவிர்ந்தவை மாகாண சபையின் கீழ் வருகின்றன. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. மாகாணப் பாடசாலைகளின் விசேட கல்விக்கு இவ்வளவு ஒதுக்கினீர்களா என்று கேட்பதற்குத் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லாமல் ஏழு வருடங்கள் போய்விட்டன.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவன அனுமதியில் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. சாதாரண பாடசாலைகள் சிலவற்றில் விசேட கல்வி அலகுகள் இயங்குகின்றன. ஆனால் இந்தப் பிள்ளைக்கு இன்ன உதவியை இன்ன திகதிக்குள் தருவோம் என்று அரசு கையெழுத்திட்டுத் தரும் பத்திரம் இங்கே இல்லை. ஆகவே அது கிடைக்கவில்லை என்று மேன்முறையீடு செய்யவும் இடமில்லை.

விசேட கல்வியால் இலங்கையில் எந்தச் சபையும் கடனில் மூழ்கவில்லை. அதற்குக் காரணம் நாங்கள் சிக்கனமானவர்கள் என்பதல்ல. அந்தச் செலவு வேறு கணக்கில் எழுதப்படுகிறது. பாடசாலை வாசலில் மூன்று மணித்தியாலம் காத்திருக்கும் தாயின் கணக்கில், வேலையை விட்ட தகப்பனின் கணக்கில், தம்பியைப் பார்க்கப் படிப்பை நிறுத்திய அக்காளின் கணக்கில். போரில் அங்கத்தையோ கேட்கும் திறனையோ இழந்த பிள்ளைகள் படித்த காலத்திலும் இதுதான் நடந்தது.

வடக்கிலும் கிழக்கிலும் விசேட தேவையுடையோருக்காக இயங்கும் பல நிலையங்களைப் புலம்பெயர்ந்த உறவுகளின் பணம் தாங்குகிறது. அந்தப் பணம் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஆனால் நன்கொடைக்கு ஓர் எல்லை இருக்கிறது. கொடுப்பவர் நிறுத்தினால் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்க முடியாது. லண்டனில் ஒரு தமிழ்த் தாய் சபையை எதிர்த்துத் தீர்ப்பாயத்தில் நிற்க முடிகிறது. அவர் ஊருக்கு அனுப்பும் பணத்தில் இயங்கும் நிலையத்தில் தன் பிள்ளையை விட்டிருக்கும் தாய் யாரிடமும் எதையும் கேட்க முடியாது.

இங்கிலாந்தின் அனுபவத்தில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. பணத்தைக் கட்டி வைக்காமல் உரிமையை மட்டும் எழுதினால், அது வாதாடத் தெரிந்தவருக்கே போய்ச் சேரும். அதே நேரம், எழுதப்பட்ட உரிமை இல்லாவிட்டால் வாதாடவே இடமிருக்காது. மாகாண சபைத் தேர்தல் பற்றி மறுபடியும் பேச்சு அடிபடும் இந்த நேரத்தில், வாக்குக் கேட்டு வருபவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது. எங்கள் கோட்டத்தில் எத்தனை பாடசாலைகளில் விசேட கல்வி அலகு இருக்கிறது, பயிற்றப்பட்ட ஆசிரியர் எத்தனை பேர், அடுத்த வருடம் அதற்கு எவ்வளவு ஒதுக்குவீர்கள்? 2025 மேயில் தெரிவான உள்ளூராட்சி உறுப்பினர்களிடமும் கேட்கலாம். பாடசாலை அவர்கள் கையில் இல்லை. ஆனால் சில சபைகள் முன்பள்ளிகளை நடத்துகின்றன. பிள்ளையின் பேச்சு பிந்துவதை முதலில் காணக்கூடிய இடம் முன்பள்ளிதான்.

அக்கா மேன்முறையீட்டை அனுப்பிவிட்டார். விசாரணைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கடிதத்திலும் வந்த திகதியைப் பென்சிலால் எழுதி, இரண்டு பிரதி எடுத்து வைத்திருக்கிறார். அந்தப் பழக்கம் முதலாவது பைலில் பழகியது. மகன் இப்போதும் காலையில் அதே வகுப்புக்குத்தான் போகிறான். உதவியாளர் இன்னும் இல்லை.